டெக்கில் போடும் முன்…

வீட்டில் ஒரு பெரியவர் தவறிப்போகிறார். காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு யாருக்கோ நினைவு வருகிறது: "சித்தி கல்யாணக் கேசட்ல அப்பா பேசுறது இருக்குமே!" பரணில் ஏறி அட்டைப்பெட்டியை இறக்கி, தூசி தட்டி, கேசட்டைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஓட்டிப் பார்க்க டெக் (வி.சி.ஆர்.) இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்து, யார் வீட்டு மூலையிலோ கிடந்த ஒன்றை வாங்கி வந்து, டிவியில் ஒயரைச் செருகி, கேசட்டை உள்ளே தள்ளுகிறார்கள். சில நொடிகள் வெள்ளைக் கோடுகள், ஒரு கரகரப்பு, பிறகு வெறும் நீலத்திரை. வெளியே எடுத்தால், கேசட்டின் வாயிலிருந்து கசங்கிய டேப் முழக்கணக்கில் தொங்குகிறது.

பல வீடுகளில் நடந்த, இன்னும் நடந்துகொண்டிருக்கும் கதை இது. அந்தக் கேசட் முப்பது ஆண்டுகள் பரணில் கிடந்தபோது பெரிதாகக் கெடவில்லை. டெக்குக்குள் போன அரை நிமிடத்தில்தான் கெட்டது. பழைய வீடியோ கேசட்டைக் காப்பாற்ற நினைப்பவர்கள் மனதில் வைக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்: ஆசையோடு அவசரமாக ஓட்டிப் பார்ப்பதைவிடப் பெரிய ஆபத்து அதற்கு வேறில்லை. கொஞ்சம் பொறுமை காட்டினால், இருபது, முப்பது வயதான கேசட்டுகளில் பலவற்றை இன்றும் நன்றாகவே பார்க்க முடியும்.

கால் கிலோமீட்டர் நாடா

இந்த வீடியோ கேசட்டுகளின் வி.எச்.எஸ். முறையை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-ல் கொண்டுவந்தது. அதற்கு ஓராண்டு முன்பே சோனியின் பீட்டாமேக்ஸ் வந்திருந்தும், வீடுகளில் நிலைத்தது வி.எச்.எஸ்.தான். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்கு வண்ண ஒளிபரப்பு வந்தது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்பியவர்கள் டெக்கையும் சுமந்து வந்தார்கள். டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் ஓட்டுவது தெருவுக்கே திருவிழா. கல்யாண மண்டபத்துக்குள்ளும் வீடியோ கேமரா நுழைந்தது. தோளில் கேமராவோடு ஒருவர், அவர் பின்னாலேயே லைட் பிடித்துக்கொண்டு ஒரு பையன் என்று அந்தக் காலத்துக் கல்யாணங்களுக்கே ஒரு வெளிச்சம் இருந்தது.

அந்த வெளிச்சம் எல்லாம் பதிந்திருக்கும் இடம் மிகவும் மெல்லியது. 180 நிமிடக் கேசட் ஒன்றில் இருப்பது அரை அங்குல அகலமும் கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளமும் உள்ள பாலியஸ்டர் நாடா. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. நாடாவின் மேல் நுண்ணிய காந்தத் துகள்கள். துகள்களை நாடாவோடு பிடித்து வைத்திருக்கும் ஒரு பசை. டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் உரசித் தேயாமல் இருக்க, பசையோடு கலந்த வழுவழுப்பான ஒரு பொருள். அவ்வளவுதான்.

டேப் நகர்வது நொடிக்கு வெறும் 2.34 செ.மீ. வேகத்தில். ஆனால் அதைப் படிக்கும் ஹெட், 62 மி.மீ. விட்டமுள்ள பளபளப்பான டிரம்மில் உட்கார்ந்துகொண்டு நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றுகிறது. டிரம் சற்றே சாய்ந்திருப்பதால், ஒவ்வொரு அரைச் சுற்றிலும் டேப்பின் குறுக்கே சுமார் 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு சாய்கோட்டைப் படிக்கிறது. அந்தக் கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. நொடிக்கு 50 கோடுகள் என்றால், மூன்று மணி நேரக் கல்யாணக் கேசட்டில் 5 லட்சத்து 40 ஆயிரம் கோடுகள்! டேப்பின் ஒரு ஓரத்தில் ஒலி பதிந்திருக்கும். மறு ஓரத்தில், ஹெட் எந்தக் கோட்டில் ஓட வேண்டும் என்று வழிகாட்டும் துடிப்புகள் பதிந்திருக்கும். ஓரம் லேசாக மடங்கிய கேசட்டில் சத்தம் விட்டுவிட்டு வருவதும் படம் துள்ளுவதும் இதனால்தான்.

எது கெடுகிறது?

"இத்தனை வருஷத்தில் காந்தம் போயிருக்கும்" என்பது பலருடைய பயம். காந்தப் பதிவு அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை. வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்பவர்கள் விமான நிலைய எக்ஸ்ரேயைப் பார்த்துப் பயப்படுவார்கள். எக்ஸ்ரே கேசட்டை அழிக்காது. ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே, காந்தத்தை ஒட்டி வைத்தால்தான் ஆபத்து. ஒன்றிரண்டு அடி தள்ளி வைத்தாலே காந்தத்தின் வலு வெகுவாகக் குறைந்துவிடும்.

உண்மையில் முதலில் தளர்வது பசை. காற்றின் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி, ஆண்டுகள் போகப் போக அது பிசுபிசுப்பாகிறது. அப்படியான டேப் ஓடும்போது ஹெட்டிலும் வழியிலுள்ள உருளைகளிலும் ஒட்டும். கீச்சென்று சத்தம் கேட்கும். துகள்கள் பழுப்பு நிறப் பொடியாக உதிரும். தொலைக்காட்சி நிலையங்கள் பயன்படுத்திய யூ-மேட்டிக் டேப்புகளில் இந்த நோய் அதிகம், வி.எச்.எஸ்.ஸில் குறைவு. வந்துவிட்டால், சுமார் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் சீராகச் சூடேற்றி, பசை தற்காலிகமாக இறுகியிருக்கும் சில வாரங்களுக்குள் பிரதி எடுக்கிறார்கள். இது ஆய்வகக் கருவியில் செய்யும் வேலை. வீட்டு அவனிலோ மொட்டை மாடி வெயிலிலோ யாரும் முயன்று பார்க்கக் கூடாது.

நம் ஊர்க் காற்றில் பெரிய எதிரி பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில், ஐப்பசி கார்த்திகை மழையில், மூடிய பெட்டிக்குள் அது எளிதாகவே வளரும்.

காந்த நாடாக்களின் ஆயுள் பொதுவாக 10 முதல் 30 ஆண்டுகள் என்று, அமெரிக்க நூலகங்களுக்காக 1995-ல் ஜான் வான் போகார்ட் எழுதிய கையேடு கணித்தது. 2025-க்குள் பிரதி எடுக்காத நாடாக்கள் கைவிட்டுப் போகலாம் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-ல் எச்சரித்தது. யுனெஸ்கோவும் 2019-ல் இதே கவலையோடு உலகெங்கும் உள்ள காப்பகங்களிடம் கணக்கெடுக்கத் தொடங்கியது. இந்த எச்சரிக்கைகளில் நாடாவின் வயது பாதிதான். மீதிப் பாதி, அதை ஓட்டும் கருவியும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் மறைந்துவருவது.

கண்ணால் பார்த்து, கையால் தொட்டு

பரணிலிருந்து இறக்கிய கேசட்டை முதலில் உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். மேலே உள்ள கண்ணாடி போன்ற சன்னல் வழியே டேப் சுற்று தெரியும். நல்ல டேப்பின் சுற்று கறுப்பாக, வழவழவென்று, ஓரங்கள் ஒரே சமதளமாக இருக்கும். அதில் சாம்பல் தூவியது போல வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது பூஞ்சை. கேசட்டை உடனே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். பூஞ்சை பிடித்த ஒரு கேசட்டை ஓட்டினால் டெக்கின் ஹெட்டில் அது ஒட்டும். அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அதன் தூசி நுரையீரலுக்கும் கெடுதல் என்பதால், திறந்து சுத்தம் செய்பவர்கள் முகக்கவசம் போட்டே ஆக வேண்டும்.

அடுத்து மூடி. கேசட்டின் முன்பக்கம் நீளவாக்கில் ஒரு மூடி இருக்கும். பக்கவாட்டில், மூடியின் ஓரத்தை ஒட்டி ஒரு சின்னப் பொத்தான். அதை நகத்தால் அழுத்திக்கொண்டு மூடியைத் தூக்கினால் டேப் நேராகக் கண்ணில் படும். அதைத் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசையே அதற்குக் கறை. மடிப்பு, சுருக்கம், கிழிசல், ஓரத்தில் அலை அலையான நெளிவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பிறகு கேசட்டைக் கவிழ்த்து, அடிப்பக்க நடுவில் உள்ள சிறு துளைக்குள் ஒரு ரீஃபிலின் முனையை மெதுவாக அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் பூட்டு விலகும். இப்போது பல்சக்கரத்தை விரலால் திருப்பினால், நல்ல கேசட் தடையில்லாமல் சுழலும். இறுக்கிப் பிடித்தாலோ பிசுக்கென்று ஒட்டி விடுபடுவது போலத் தோன்றினாலோ, அதை டெக் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

இன்னொரு சின்னக் காரியம் உண்டு. கேசட்டின் முதுகுப் பக்கத்தில் இடது ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மறுபடி எதையும் பதிய முடியாது. தவறுதலாக ரெக்கார்டு பொத்தானை அழுத்திக் கல்யாணத்தின் மேல் கிரிக்கெட் ஏறிய வீடுகள் உண்டு. உடைத்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

டேப் அறுந்துபோயிருந்தால் செல்லோடேப் போட்டு ஒட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. அந்தப் பசை வெயிலில் கசிந்து டிரம்மில் ஒட்டி, ஹெட்டையே கெடுத்துவிடும். இதற்கென்றே ஒட்டு நாடா இருக்கிறது. அதையும் காந்தப் பூச்சு இல்லாத பின்பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும். பல சமயம் டேப் விடுபடுவது தொடக்கத்தில் உள்ள கண்ணாடி நிற நாடாப் பகுதியில்தான். அங்கே படம் எதுவும் பதிந்திருக்காது. ஐந்து திருகாணிகளைக் கழற்றி, நாடாவைச் சக்கரத்தின் பிடிக்குள் திரும்பச் செருகினால் கேசட் பிழைத்துவிடும். உடைந்த கேசட்டின் இரண்டு சக்கரங்களையும் அப்படியே தூக்கி நல்ல கேசட் கூட்டுக்குள் மாற்றிப் போடுவதும் இதே மாதிரி வேலைதான்.

வெள்ளத்தில் நனைந்த கேசட்டுக்கு வேறு கணக்கு. சேற்று நீர் உள்ளேயே காய்ந்தால் அழுக்கு டேப் சுற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அதனால் சுத்தமான, முடிந்தால் காய்ச்சி வடித்த நீரில் அலசிய பிறகே நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும். ஹேர் டிரையரும் வெயிலும் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள வீடுகளில் எத்தனையோ ஆல்பங்களும் கேசட்டுகளும் நனைந்தன. கெட்டுவிட்டது என்று குப்பையில் போடும் முன் இந்தத் தகவல் தெரிந்திருந்தால் சிலவற்றை மீட்டிருக்க முடியும்.

டெக்குக்கும் வயதாகிறது

உலகில் கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்தியது. உச்சத்தில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டெக்குகள் விற்ற அந்த நிறுவனம், 2015-ல் விற்றது 7.5 லட்சம். உதிரிப் பாகங்கள் கிடைக்கவில்லை என்பதும் அது நிறுத்தியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. இனி இருக்கும் டெக்குகள் எல்லாம் பழையவைதான்.

பழைய டெக்கில் முதலில் சாகும் பாகம் ரப்பர். டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை காலப்போக்கில் கண்ணாடி போல வழுவழுப்பாகிவிடும். பெல்ட் தளர்ந்துவிடும். டேப்பை ஒரு பக்கம் இழுக்கும் வேகத்துக்கு மறுபக்கம் சுற்றும் வேகம் ஈடுகொடுக்காதபோது, நடுவில் தளர்ந்த டேப் வளையம் வளையமாக விழுந்து சிக்குகிறது. "டெக் டேப்பைத் தின்னுடுச்சு" என்பது இதைத்தான். அப்படி நடந்தால் எஜெக்ட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்து, மேல் மூடியைக் கழற்றி, டேப்பை இழுக்காமல் ஒவ்வொரு கம்பமாக விடுவிக்க வேண்டும்.

ஹெட் சுத்தம் செய்வதிலும் பக்குவம் வேண்டும். பஞ்சு சுற்றிய குச்சியின் இழை ஹெட்டில் மாட்டி அதைப் பெயர்த்துவிடலாம். இழை உதிராத துணியையோ மொரமொரப்பான வெள்ளைத் தாளையோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின்மேல் அசையாமல் லேசாகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் டிரம்மை மெல்லத் திருப்புவதே முறை. மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். பழைய மெக்கானிக்குகள் இதை யாரும் சொல்லாமலே செய்வார்கள்.

சுத்தம் செய்த டெக்கில் முதலில் போட வேண்டியது கல்யாணக் கேசட் அல்ல. போனாலும் பரவாயில்லை என்று நினைக்கும் ஒரு சினிமாக் கேசட். அது பத்து நிமிடம் ஓடி, முன்னும் பின்னும் சுற்றி, சுருக்கமில்லாமல் வெளியே வந்தால்தான் அடுத்ததை நம்பிப் போடலாம். ஏ.சி. அறையிலிருந்து புழுக்கமான கூடத்துக்குக் கொண்டுவந்த கேசட்டையும் டெக்கையும் சில மணி நேரமாவது சும்மா வைக்க வேண்டும். குளிர்ந்த டிரம்மில் நீர் கோத்தால் டேப் அதில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். நல்ல கேசட்டை முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டால், ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடந்த சுற்று சீராகும். அதன் பிறகு பிரதி எடுக்கலாம். பாஸ் பொத்தானில் விரல் போகக் கூடாது. படம் அசையாமல் நிற்கும்போது ஹெட் ஒரே இடத்தை நொடிக்கு ஐம்பது முறை உரசிக்கொண்டிருக்கிறது.

ஈழத் தமிழர் வீடுகளில் இதோடு இன்னொரு சிக்கலும் சேரும். யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் பதிவானது பால் (PAL) என்ற வண்ண வீடியோ முறை. டொரன்டோவில் பதிவானது என்.டி.எஸ்.சி. முறை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கேசட்டும் ஒன்றுதான். கனடாவில் வாங்கிய சாதாரண டெக்கில் ஊர்க் கல்யாணத்தைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். கேசட் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டத் தேவையில்லை. இரண்டு முறையும் தெரிந்த மல்டி சிஸ்டம் டெக் ஒன்றில் அதே கேசட் தெளிவாக ஓடக்கூடும்.

எதை முதலில் காப்பாற்றுவது?

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி இருந்தார். முன்னாள் நூலகர். தொலைக்காட்சிச் செய்திகளை நிலையங்கள் சேமித்து வைக்கப்போவதில்லை என்று எண்ணி, 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2012-ல் இறக்கும்வரை, வீட்டில் பல டெக்குகளை இரவும் பகலும் ஓடவிட்டுப் பதிந்துகொண்டே இருந்தார். கேசட் மாற்றும் நேரம் வந்தால் வெளியே சாப்பிடப் போன குடும்பம் பாதியில் வீடு திரும்பும். அவர் விட்டுச் சென்றது சுமார் 70,000 கேசட்டுகள். சான் பிரான்சிஸ்கோவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் 2013-ல் அவற்றைப் பெற்றுக்கொண்டது. எந்த நிலையத்திலும் இல்லாத எத்தனையோ செய்தி நேரங்கள் அந்த வீட்டுக் கேசட்டுகளில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

நம் பெட்டிகளைப் பிரிக்கும்போதும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கடையில் வாங்கிய சினிமாப் படம் பெரும்பாலும் வேறெங்கோ கிடைக்கும். காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா, ஊர்த் திருவிழா, கோயில் கும்பாபிஷேகம், தெருக்கூத்து, ஒப்பாரி, இடிக்கப்பட்ட பழைய வீட்டின் முற்றம் ஆகியவை பதிந்த கேசட்டுக்கு உலகில் வேறு பிரதி கிடையாது. உறையில் எதுவும் எழுதாத கேசட்டுகளையும் இந்த வரிசையிலேயே வைப்பது நல்லது. கேமராவில் நேரடியாகப் பதிந்த மூலக் கேசட்டும், பாட்டுச் சேர்த்து எடிட் செய்த பிரதியும் இரண்டும் இருந்தால், மூலத்துக்கே முதலிடம். படம் தெளிவாக இருப்பதோடு, சினிமாப் பாட்டுக்கு அடியில் அமுங்கிப்போன பேச்சுக் குரல்களும் அதில்தான் இருக்கும்.

ஒருமுறை, உருப்படியாக

பழைய கேசட்டைப் பொறுத்தவரை, ஓடும் நிலையில் வைத்திருப்பது என்றால் நினைத்தபோதெல்லாம் போட்டுப் பார்ப்பது அல்ல. ஒரேயொரு முறை நன்றாக ஓடி, நல்ல டிஜிட்டல் பிரதி கிடைக்கும்வரை அதைக் காப்பது. கடையில் கொடுப்பவர்கள் சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். நல்ல நிலையில் உள்ள டெக்கா? படத்தின் நடுக்கத்தைச் சீர்செய்யும் டைம் பேஸ் கரெக்டர் உண்டா? கோப்பாகத் தருவார்களா, டிவிடி மட்டும்தானா? வீட்டில் எழுதும் டிவிடியும் சில ஆண்டுகளில் கெடக்கூடியதே என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. டி.வி. (DV) வகைக் கோப்பாக எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி.; மூன்று மணி நேரக் கல்யாணம் 40 ஜி.பி.க்குள் அடங்கும். இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு இது சுமையே இல்லை. பழைய டிவியின் நாலுக்கு மூன்று சட்டத்தை அகலத் திரைக்காக இழுத்துவிட்டால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். அப்படிச் செய்யாமல் தரச் சொல்ல வேண்டும். எடுத்த கோப்பை இரண்டு டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வைப்பது பாதுகாப்பு.

பிரதி எடுத்தாயிற்று என்று கேசட்டை எறிந்துவிடக் கூடாது. நாளை இன்னும் நல்ல கருவியில் இன்னும் தெளிவான பிரதி எடுக்க முடியலாம். முழுவதும் சுற்றி, உறைக்குள் போட்டு, புத்தகம் போல நிறுத்தி வைக்க வேண்டும். படுக்கவைத்தால் சுற்று ஒரு பக்கம் சரியும். காப்பகங்கள் 18 முதல் 20 டிகிரியில், 40 சதவீதத்துக்கு மிகாத ஈரப்பதத்தில் வைக்கின்றன. வீட்டில் அது முடியாது. ஆனால் மொட்டை மாடிக்குக் கீழே கொதிக்கும் பரணைவிட, உள்சுவரை ஒட்டிய அலமாரியின் நடுத்தட்டு எவ்வளவோ மேல். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது மாற்றலாம். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக் வகைகளை இளக்கும்.

மூன்று மணி நேரக் கேசட்டைப் பிரதி எடுக்க மூன்று மணி நேரம் ஆகும். வேகமாக ஓட்டி எடுக்க வழியில்லை. வீட்டிலேயே எடுப்பவர்கள் அந்த நேரத்தில் அத்தையையோ பெரியப்பாவையோ பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டாவது நிமிடம், பந்தியில் இலை போடுபவர் யார்? நாற்பதாவது நிமிடம், மணமேடைக்குப் பின்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரிப்பது யார்? சொல்லச் சொல்லப் பெயர், உறவு, ஊர், ஆண்டு என்று எழுதி, அந்தக் குறிப்பையும் கோப்போடு சேர்த்தே வைக்க வேண்டும். அந்த முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே அந்த நோட்டு நிறைய வேண்டும்.